மதிப்பெண்ணுக்கு ஒரு பணியா, ஊருக்கு ஒரு பணியா?

பொங்கல் கழிந்து பரீட்சை நெருங்கும் நாட்களில் எழுதுபொருள் கடைகளின் முன்னால் ஒரு காட்சியைக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை முன்னால் நிற்கும். சம்பளம் வாங்கி இரண்டு வாரமாகிவிட்ட தகப்பனார் பின்னால் நிற்பார். சார்ட் பேப்பர், தெர்மோகோல், பசை, வண்ணப் பேனா என்று கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார். "நாளைக்கு பிராஜக்ட் கொடுக்கணும் அப்பா" என்று பிள்ளை அவசரப்படும். தலைப்பு பெரும்பாலும் "நீர் மாசுபாடு" என்றிருக்கும். இருபது படங்கள் ஒட்டப்படும், மதிப்பெண்ணும் விழும். பரீட்சை முடிந்ததும் அந்தத் தெர்மோகோல் குப்பைக்குப் போகும். அடுத்த பெருமழையில் அதுவே ஆமையிழஞ்சான் தோட்டில் மிதந்து வந்து தண்ணீரை அடைத்தாலும் வியப்பதற்கில்லை.

பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு வெளியேறும் முன்பு ஒவ்வொரு மாணவனும் மாணவியும், தான் வாழும் ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைத் தானே திட்டமிட்டுச் செய்து முடிக்க வேண்டும் என்பது உயர்ந்த கருத்து. அதை ஒட்டும் படமாகவும் வெட்டும் அட்டையாகவும் சுருக்கிவிட்டது யார் குற்றம் என்று ஆராய்வதைவிட, அதைச் சரியான முறையில் செய்வது எப்படி என்று யோசிப்பதே மேல். பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்தில் குடியேறி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த யோசனை மிகவும் அவசியம். காரணத்தைப் பின்னால் காணலாம்.

பழைய யோசனைதான்

இது மேல்நாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான சரக்கு அல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் வலியுறுத்தியது இதைத்தான்: கையால் செய்யும் தொழிலோடும், சுற்றியுள்ள மக்களின் வாழ்வோடும் இணையாத படிப்பு படிப்பாகாது. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கமிஷன், பள்ளிக் கல்வியில் வேலை அனுபவமும் சமூக சேவையும் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1969 செப்டம்பர் 24ஆம் தேதி, காந்தி நூற்றாண்டையொட்டி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. பிற்பாடு அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது.

1977ல் ஈசுவர்பாய் படேல் குழு "சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி" என்ற பெயரைச் சூட்டியது. எஸ்.யு.பி.டபிள்யூ. என்ற எழுத்துக்கள் அப்போது பிறந்தவையே. மறு ஆண்டு மேல்நிலைக் கல்வியை ஆராய்ந்த குழுவின் தலைவர் ஒரு தமிழர். வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த மால்கம் ஆதிசேஷய்யாதான் அவர். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கும் சமூகப் பணி பாடத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பதில் அவர் குழு உறுதியாக இருந்தது. மத்திய பள்ளிக்கல்வி வாரியமும் 2018ல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை "சேவா" என்ற பெயரில் சமூகப் பணியைச் சேர்த்தது.

ஆகவே அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நடைமுறையில்தான். நல்ல நோக்கத்தோடு பிறந்த எஸ்.யு.பி.டபிள்யூ. பல பள்ளிகளில் பூவேலை செய்யும் பீரியடாகவும், கணக்கு வாத்தியார் பாடத்தை முடிக்கக் கடன் வாங்கும் பீரியடாகவும் ஆகிவிட்டதை மாணவர்களே கேலி பேசுவதுண்டு.

மணிக்கணக்கு மட்டும் போதுமா?

வெளிநாடுகளிலும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992ல் ஒரு விதி செய்தது. 75 மணி நேரம் சேவையோடு இணைந்த கல்வியை முடிக்காதவருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை என்பது அந்த விதி. அந்நாட்டில் மாநிலம் முழுவதற்கும் இப்படி விதித்தது அதுவே முதல் தடவை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1999ல் 40 மணி நேரம் என்று வைத்தது. கேரள மேல்நிலைப் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவருக்கு இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் முகாமும் உண்டு. கருணை மதிப்பெண் என்ற கவர்ச்சியும் கூடவே இருக்கிறது.

மணிக்கணக்கு வைப்பதில் தவறில்லை. கணக்கில்லாத இடத்தில் காரியம் நடக்காது என்பது குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எல்லாரும் வேலை செய்தவர் ஆகமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். 240 மணி நேரம் கழித்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அதனால் யாருடைய சங்கடம் தீர்ந்தது?" இந்தக் கேள்விக்கு ஓர் ஆளையோ ஒரு தெருவையோ காட்டிப் பதில் சொல்ல முடிந்தால் அது பணி. முடியாவிட்டால் அது பொழுதுபோக்கு.

அப்படிப் பதில் சொல்லக்கூடிய பணி கேரளத்தில் நடக்காததல்ல. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டமும், 1991 ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டன. இது அரசாங்க உத்தரவால் மட்டும் நடந்த காரியமன்று. சம்பளமில்லாத தொண்டர்கள் மாலை நேரங்களில் விளக்கடியில் உட்கார்ந்து, பாட்டன் பாட்டி வயதுள்ளவர்களின் கையைப் பிடித்து எழுதவைத்தார்கள். அவர்களில் பள்ளி, கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். அன்று எழுதக் கற்ற கிழவிக்கு, கற்றுக்கொடுத்தது யார் என்று தெரியும். கற்றுக்கொடுத்த பிள்ளைக்கும் தன் பணியின் பலன் கண்ணெதிரே தெரிந்தது.

இரண்டு மொழிக்கு நடுவே

இனி திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளையின் நிலையைக் கவனிக்கலாம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை அது. கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ போனால், "மலையாளத்துப் பிள்ளை" என்று அங்கே சொல்வார்கள். திரும்பி வந்தால் இங்கே "பாண்டிப் பிள்ளை" என்பார்கள். எந்த ஊரும் தன் ஊர் இல்லை என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடுகிறது. பிறகு படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறது. பதினேழு ஆண்டு சோறும் நீரும் தந்த ஊர் வெறும் ரயில் நிலையமாகிவிடுகிறது.

இந்த ஊர் தமிழருக்கு அந்நியமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உருவாக்கிய பின், தமிழ் வணிகர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வருகிறார்கள். "மனோன்மணீயம்" தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்தவர். வகுப்பறையோடு நில்லாமல், கல்வெட்டுக்களைத் தேடிப் படித்து, வேணாட்டு மன்னர்களின் காலத்தை ஆராய்ந்து 1894ல் நூலாக வெளியிட்டார். எழுத்தாளர் ஆ. மாதவன் சாலைத் தெருவிலேயே கடை வைத்துக்கொண்டு, அத்தெருவின் சுமைக்காரரையும் சில்லறை வியாபாரியையும் கதைகளில் நடமாடவிட்டார். 2015ல் சாகித்திய அகாதமி பரிசும் பெற்றார். இருவரும் செய்தது ஒன்றே. காலடியில் இருந்த ஊரைக் கண்திறந்து பார்த்தார்கள்.

பள்ளி இறுதியாண்டுப் பணி தமிழ்ப் பிள்ளைக்குத் தரக்கூடிய பெரும் நன்மை இதுதான். ஊருக்கு உபகாரம் செய்தவனுக்கு ஊர் சொந்தமாகிறது. மேலும், இரண்டு மொழிகள் தெரிவதைக் குறையாக எண்ணிக் கூசிய பிள்ளை, அதுவே தன் கையிலுள்ள கருவி என்பதைக் கண்டுகொள்கிறது.

பணிக்குப் பஞ்சமில்லை

எடுத்துக்காட்டாக மூன்று பணிகளைக் கூறலாம்.

முதலாவது, மனு எழுதும் பணி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, இங்குள்ள தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும். இந்த உரிமை ஏட்டில் இருப்பது எத்தனை தமிழ்த் தொழிலாளிக்குத் தெரியும்? நான்கு மாணவர்கள் சேர்ந்து, சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் ஒரு சங்கக் கட்டடத்திலோ வாசகசாலையிலோ மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். எத்தனை மனு போனது, எதற்குப் பதில் வந்தது என்று ஒரு நோட்டில் பதிந்தால் அதுவே பணியின் அறிக்கை.

இரண்டாவது, ரேஷன் பணி. "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" திட்டத்தில் 2020ல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்துவிட்டன. 2022ல் எல்லா மாநிலங்களும் சேர்ந்து முடிந்தன. உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள தமிழ்நாட்டு அட்டைக்காரர், ஆதார் இணைப்பு இருந்தால், சட்டப்படி தமக்குரிய தானியத்தைத் திருவனந்தபுரத்துக் கடையிலேயே கைரேகை வைத்து வாங்கலாம். ஊரில் உள்ள குடும்பத்தினர் மீதிப் பங்கை அங்கே வாங்கலாம். ஆயினும் தம் அட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று தெரியாமல் கடையில் அரிசி விலைக்கு வாங்கும் தொழிலாளி உண்டு. இதே போல, வெளிமாநிலத் தொழிலாளருக்காகக் கேரள அரசு 2017ல் "ஆவாஸ்" காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலையாளம் கற்பிக்க "சங்காதி" என்ற திட்டத்தை எழுத்தறிவு இயக்கம் அதே ஆண்டில் தொடங்கியது. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் நேரில் போய் விவரம் கேட்டு, ஒரே தாளில் எளிய தமிழில் எழுதி, தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகளில் படித்துக் காட்டுவது பிளஸ் டூ பிள்ளையால் ஆகாத காரியமா?

மூன்றாவது, தண்ணீர்ப் பணி. ஒரு பெருமழை பெய்தால் தம்பானூர் குளமாவது ஊரறிந்த செய்தி. ஆமையிழஞ்சான் தோட்டில் 2024 ஜூலை 13ஆம் தேதி நடந்ததை இந்நகரம் மறக்காது. ரயில் நிலையத்துக்கு அடியில் தோடு ஓடும் பகுதியில் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அகப்பட்டார். மூன்றாம் நாள்தான் சடலம் கிடைத்தது. அந்தக் குப்பை வானத்திலிருந்து விழவில்லை. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்தது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் சேகரிக்கிறார்கள். ஆனால் அடிக்கடி ஆள் மாறும் வாடகை வீடுகளில், எந்தக் கிழமையில் வருவார்கள், எதைத் தனியே வைக்கவேண்டும் என்று தெரியாமல் போவது எளிது. ஒரே ஒரு சந்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் இதை எடுத்துச் சொல்லி, ஆறு மாதம் கணக்கெடுத்தால் போதும். "நீர் மாசுபாடு" என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல விடை எந்தச் சார்ட் பேப்பரிலும் கிடையாது.

திட்டமிடும் முறை

நல்ல எண்ணம் இருந்தும் பணி பாழாவதற்குக் காரணம் பெரும்பாலும் காலம் தாழ்த்துவதுதான். ஜனவரியில் நினைத்தால் தெர்மோகோல்தான் கிடைக்கும். ஆகவே பதினோராம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே தொடங்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியது நடப்பதும் கேட்பதுமே. தெருவில் உள்ள பத்துப் பேரிடம், "உங்களுக்கு இங்கே எது பெரிய சங்கடம்?" என்று கேட்க வேண்டும். பிள்ளை தானாகக் கற்பனை செய்த குறையைத் தீர்க்கப் போனால், குறை உள்ளவர் கதவைத் திறக்க மாட்டார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது சிறியதாக இருக்கட்டும். நகரம் முழுவதையும் திருத்தப் புறப்பட்டவர் ஒரு சந்தையும் திருத்துவதில்லை. ஓர் ஆசிரியரையும், பள்ளிக்கு வெளியே அந்தத் துறை தெரிந்த ஒருவரையும் துணை கொள்ள வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எத்தனை பேர், எந்த நாள், எவ்வளவு செலவு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால் பின்னால் தகராறு இராது. ஓணத்துக்குள் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஓண விடுமுறையில் தயங்காமல் கணக்குப் பார்த்து, பலிக்காததை விட்டுவிட்டுப் பலித்ததைப் பெருக்க வேண்டும். டிசம்பருக்குள் பணியை முடித்து, தொடர்ந்து நடத்தக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் பதினோராம் வகுப்பு மாணவராகவோ சங்கக் காரியதரிசியாகவோ இருக்கலாம். பிறகு பாடப் புத்தகத்துக்குத் திரும்பிவிடலாம்.

எச்சரிக்கையும் தேவை. தோட்டிலோ ஓடையிலோ பிள்ளைகள் இறங்கவே கூடாது. பிறருடைய ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. உதவி பெறுகிறவரை நிற்கவைத்துப் போட்டோ பிடிப்பது பண்பாகாது. மேலும், தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே ஒரு கூட்டமாக இதைச் செய்ய வேண்டியதில்லை. மலையாளத் தோழனும் தோழியும் உடன் இருந்தால் அலுவலகக் கதவு எளிதில் திறக்கும், நட்பும் நிலைக்கும்.

பெற்றோரே ஆசான்

"படிப்பு கெட்டுப்போகும்" என்று பெற்றோர் அஞ்சுவது இயற்கை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்கவைக்கும் குடும்பத்தில் அந்த அச்சத்தை இகழக் கூடாது. ஆனால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் எழுபது மணி நேரத்துக்கு மேல் வரும். சினிமாவும் கைப்பேசியும் அதைவிட அதிகமாகத் தின்கின்றன. அந்த எழுபது மணி நேரத்தில் ஓர் அதிகாரியிடம் பேசவும், ஒரு மனுவைத் திருத்தமாக எழுதவும், செலவுக்குக் கணக்கு வைக்கவும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நாளை உத்தியோகத்துக்குப் போகுமிடத்தில் வேண்டியவை இவைதாம். "பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று தயங்குகிறவர்கள் முதல் இரண்டு வாரம் கூடப் போகலாம். வீட்டுத் தாய்மார்களிடம் பேசி விவரம் கேட்பதில் பெண்ணுக்குள்ள வசதி ஆண் பிள்ளைக்கு இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூட்டை தூக்கும் தகப்பனாருக்கு எந்த ஓடை எங்கே அடைத்துக்கொள்கிறது என்று தெரியும். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவருக்கு, ஒரு காகிதம் எந்த மேஜையில் தங்கும், எதை இணைத்தால் நகரும் என்று தெரியும். தேநீர்க் கடையில் நிற்பவருக்கு எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று தெரியும். வீட்டு வேலைக்குப் போகும் தாயாருக்கு எந்தத் தெருவில் குழாய் வறண்டிருக்கிறது என்று தெரியும். பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துக் காட்ட முடியாமல் கூசும் பெற்றோர், இந்த ஒரு பாடத்தில் பேராசிரியர்களை மிஞ்சியவர்கள். பள்ளிக்கூடம் கேட்கும் பணிக்குக் கடையில் பணம் கொடுத்து அட்டை வாங்குவதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாம் வேலை செய்யும் தெருவில் நடந்து காட்டினால், பணித் திட்டத்தில் பாதி முடிந்ததாகும். அப்பா செய்வது என்ன வேலை என்பதையும் அந்தப் பிள்ளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும்.

பள்ளிக்கூடங்களுக்கும் பொறுப்பு உண்டு. அட்டையின் அழகுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தி, யாருக்கு என்ன பயன் விளைந்தது என்று கேட்டு மதிப்பெண் போடவேண்டும். தமிழ்ச் சங்கங்களும் ஆண்டு விழாவில் கோப்பையும் பொன்னாடையும் வழங்குவதோடு நில்லாமல், மாணவர் பணிக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் தந்து உதவலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பொன்னாடையின் விலைகூட இராது.

படிப்பு முடிந்து பிள்ளை எந்தத் தேசத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் அது விட்டுப்போகும் தெருவில், "இந்தத் தாளை எழுதிக் கொடுத்தது இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லாமல் இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இந்த ஊரில் கிடைக்கும் மரியாதைச் சீட்டு அதுதான். கோடை விடுமுறை வரும்போது, எழுதுபொருள் கடைக்குப் போகும் முன்பு பெற்றோரும் பிள்ளையும் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்களாக.